பூட்ஸுக்கு மொட்டை போட்ட மாமா

என் மாமாவோடு குப்பை கொட்டுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு அந்தப் பூட்ஸ் சங்கதி ஒன்றே போதும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் எங்களோடுதான் இருந்தார்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. பயிற்சிக்குப் போன ராணுவ விமானம் ஒன்று முகத்துவாரத்துக்கு அப்பால் கடலில் விழுந்தது. ஓட்டியவரைக் காணவில்லை. படகுகளில் வந்து ஒரு வாரம் தேடிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மாமாவின் வலையில் ஒரு பூட்ஸ் ஏறியது. உள்ளே கால் எலும்பு.

போலீசுக்குச் சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. வலையில் பிணம் ஏறினால் எடுத்தவனே கரையில் புதைத்துப் பால் ஊற்ற வேண்டும், அவனே அதற்குப் பங்காளி என்பது எங்கள் குப்பத்து வழக்கம். மாமா பூட்ஸைச் சவுக்குத் தோப்போரம் புதைத்துவிட்டு, மொட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். காரியம் முடிகிறவரை பதினாறு நாள் ஏரியில் இறங்கக் கூடாது. ஏரியில் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். எறால் கொழிக்கிற சமயத்தில் எங்கள் பாடு வந்து, வீணாய்ப் போயிற்று.

“ஊரு பேரு தெரியாத காலுக்கு இன்னாத்துக்குடா மொட்டை?” என்று அம்மா கத்தினாள்.

“யாருனா போடணுமில்லக்கா,” என்றார் மாமா, தலையைத் தடவிக்கொண்டே.

அவருக்கு முடி முளைக்கத் தொடங்கியபோது விமானியின் அப்பா வந்து சேர்ந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டார். காலையில் இங்கிலீஷ் தெரிந்த எங்கள் வாத்தியாரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், மகன் போட்டோவைக் காட்டி, ஏதாவது அகப்பட்டதா என்று கேட்பார். எடுத்தவன் வாய் திறக்காதபோது மற்றவர்கள் எப்படிச் சொல்வது? எல்லாரும் இல்லை என்றார்கள். மறுநாள் அதே வீடு, அதே போட்டோ, அதே கேள்வி. மனிதர் மீன் வேறு தொடமாட்டார். எங்கள் வீட்டில் மீன் வாசனை இல்லாத சட்டியைத் தேடிப் பிடித்து அவருக்கு உப்புமா கிண்டுவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

“சொல்லித் தொலையேன்டா. புள்ளைய எரிக்க அந்தாளுக்கு எதுனா ஒண்ணு வாணாமா?” என்று அம்மா தினமும் கேட்டாள்.

“வாணாங்க்கா, வுடு,” என்பார் மாமா.

பத்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. பெரியவரின் கையைப் பிடித்துத் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் பின்னாலேயே ஓடி வந்தார். நானே மண்ணைத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். பூட்ஸின் உட்புறம் ஓர் எண் பதிந்திருந்தது. வாத்தியார் அதைத் துடைத்துப் படித்தார். பெரியவர் கொண்டுவந்திருந்த ராணுவக் காகிதத்தில் மகன் பேருக்கு நேரேயும் அதே எண். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வாத்தியாரிடம் ஏதோ சொன்னார். இது தன் மகனுடையது இல்லையாம், அளவு பெரிதாம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் மணலில் உட்கார்ந்து, பூட்ஸை மடியில் வைத்து, மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் தந்தி கொடுத்து, இரண்டாம் நாள் ஜீப் வந்தது. பூட்ஸைப் பெட்டியில் வைத்து, அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போதாததற்கு மாமாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“தேடிக்கினு வந்தாரு, நான் காட்டினேன். இதுல இன்னா தப்பு?” என்று அவரிடம் சண்டைக்கு நின்றேன்.

“அவரு தேட வரல பாப்பா,” என்றார் மாமா. “தெனம் நம்ம வாயால இல்லன்னு கேட்டுக்கினு போவத்தான் வந்தாரு.”

இல்லை என்று கேட்பதற்காக யாராவது அவ்வளவு தூரம் ரயிலேறி வருவார்களா? மாமாவுக்கு மூளை கழன்றுவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சொன்னதையும் அப்படியே ஒப்பித்தேன். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். இவளுக்கு இப்போது என்ன வந்தது என்று எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.