மிதந்த துண்டு

ஒரு இடத்தில் நிலையாக உட்காருவது எனக்குப் பிறவியிலேயே வராது. எலியை அறுத்துக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வாய்த்த வேலை, இளம் எலிகளிலும் கிழட்டு எலிகளிலும் மண்ணீரலையும் தைமஸ் சுரப்பியையும் எடுத்து எடை போடுவது. நோயோடு சண்டை போடும் அணுக்கள் தைமஸில்தான் தேறி வருகின்றன. வயதாக ஆக அது சுருங்கும் என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. என் கிழட்டு எலிகளில் மட்டும் சுருங்கவில்லை. யாரும் காணாததைக் கண்டுவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் வீட்டுக்கு வருவேன்.

அப்போதுதான் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து வரும் மரவள்ளிக்கிழங்கை லாரியிலிருந்து இறக்குவது அவள் வேலை. சாயந்திரமானால் உடம்பு கொதிக்கும். காலையில் விட்டதும் மறுபடி கிளம்பிவிடுவாள்.

"இன்னாடி, ரெண்டு வாரமா வந்துகினே இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள்.

"வயசானாலும் ஒடம்புல தெம்பு இருக்கும்மா. தானா வுட்டுடும்," என்றேன். என் தராசை நம்பித்தான் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், கிழட்டு எலியின் தைமஸ் கை தவறி உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து மிதந்தது. ஆட்டுக்கறி கழுவும்போது எது மிதக்கும் என்று எனக்குத் தெரியாதா? இளம் எலியின் தைமஸைப் போட்டேன், மூழ்கியது. எடுத்து வைத்திருந்த கிழட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாமே மிதந்தன. சுருங்கிப்போன சுரப்பியை மூடியிருந்த கொழுப்பைத்தான் இத்தனை நாளும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன். கறிக்கடையில் ஏமாறாதவள் ஆய்வகத்தில் ஏமாந்தேன்.

கை கழுவினேனா என்று நினைவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று என் உயிரை வாங்கியது. லாரியடியில் மூட்டையைப் பிடித்துக்கொண்டு இருமிய அம்மாவை அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, படத்தைப் பார்த்தார்.

"நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு. இவ்ளோ நாளா ஏன் வரலை?"

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, பெருமையாகத்தான் சொன்னாள்.

"எம்பொண்ணு எலி ஆராய்ச்சி பண்ணுதுங்க. ஒண்ணுமில்லன்னு அதுதான் சொல்லிச்சி."

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.