பெயரை மடித்துத் திருத்திய தாள்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் மையத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். அதற்கு முன் கிள்ளானில் இரும்புக் கிடங்கு, அதற்கும் முன் லோரியில் உதவியாள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். பெருக்குவேன், நகல் எடுப்பேன், நாற்காலி அடுக்குவேன்.

மையத்தை நடத்திய டீச்சருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த வாரம் அறிவியல் தாள்கள் என் கைக்கு வந்தன.

"ஸ்கீமாவப் பாத்து மார்க் போடு தம்பி. உன் மூளைய உள்ள விடாத லா."

ஸ்கீமா என்றால் மாதிரி விடைகள். அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். யாருக்கும் சலுகை காட்டக் கூடாது என்று ஒவ்வொரு தாளிலும் பெயர் இருந்த மூலையை மடித்து ஸ்டேப்ளர் அடித்தேன்.

தண்டவாள இணைப்புகளில் ஏன் இடைவெளி என்று ஒரு கேள்வி. 'விரிவடைதல்' என்பதற்கான மலாய்ச் சொல்லுக்கு ஸ்கீமாவில் கோடு போட்டிருந்தது. ஒரு தாளில் அந்தச் சொல் இல்லை. 'மதிய வெயிலில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை நீண்டு ஆணியை இழுக்கும், தண்டவாளமும் அப்படித்தான், இடமில்லாவிட்டால் வளையும்' என்று எழுதியிருந்தது. கிடங்கில் வெயிலில் கிடந்த கம்பிகளைத் தூக்கியவன் நான். விடை சரி என்று தெரிந்தது. முட்டை போட்டேன். அந்தத் தாளில் இன்னும் ஏழெட்டு இடங்களில் இப்படித்தான்.

மொத்தம் நாற்பத்தொன்று. மூலையைப் பிரித்தேன். கிள்ளானைத் தாண்டி மேருவிலிருந்து வரும் பெண்.

அவள் அப்பா லோரி ஓட்டுநர். முந்தின வாரம்தான் அவளை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அம்பதுக்குக் கீழ வந்தா படிப்ப நிப்பாட்டிருவேன் boss. கையுறை பேக்டரில இவ சித்தி இருக்கா, ஆள் கேக்குறாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். அவள் வந்து பார்த்தாள்.

"அண்ணே, என் பேப்பரப் பாக்கலாமா?"

"டீச்சர் வரட்டும்."

தலையாட்டினாள். மேசைக்குள் எப்போதும் விட்டுவிட்டுப் போகும் அடிக்கோல், அழிப்பான் எல்லாவற்றையும் அன்று பையில் போட்டுக்கொண்டாள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் நாற்காலி காலி. டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தார். தாளைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். முகத்தருகே பிடித்துப் படித்தார்.

"இதெல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கா? சொந்த வார்த்தையில எழுதினாலும் ஏத்துக்கணும்னு ஸ்கீமா பின்பக்கத்துல இருக்கே, பாக்கலயா?"

தாள் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில் முன்பக்கத்தை மட்டும் நகல் எடுத்திருந்தேன்.

டீச்சர் மறுபடி கூட்டினார். அறுபத்து மூன்று. அவள் அப்பாவுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. நான் தாளோடு கிள்ளானுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து மேருவுக்கு பஸ் பிடித்தேன்.

அவர் வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். அடித்துத் திருத்தியிருந்த மார்க்கைப் பார்த்தார்.

"யாரு மொதல்ல திருத்துனது?"

"நான்தாண்ணே."

"திங்கக்கிழமையே பேக்டரிக்கு அனுப்பிட்டேன். ஸ்கூல்லயும் நிப்பாட்டுறதா எழுதிக் குடுத்தாச்சு." உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். "சாயங்காலம் ஏழு மணிக்கு பேக்டரி வேன்ல வருவா. நீங்களே அவகிட்ட சொல்லுங்க boss."

உட்கார்ந்தேன். மணி ஒன்றுகூட ஆகவில்லை. தலைக்கு மேல் தகரம் டக், டக் என்று ஆணியை இழுக்கத் தொடங்கியிருந்தது.