எங்கள் லேஅவுட்டின் சிவப்பு ஸ்டிக்கர்

ஜப்பானில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மைசூருக்குத் திரும்பியவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. நான் இருந்த ஊரில் குப்பையை வகை பிரிக்காமல் வைத்தால் எடுக்க மாட்டார்கள். பையின்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, வைத்த இடத்திலேயே விட்டுப் போவார்கள். என் பையிலும் ஒரு முறை ஒட்டினார்கள். வெட்கத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கவில்லை. அதன் பிறகு தப்புச் செய்யவும் இல்லை.

இதை எங்கள் லேஅவுட் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அளந்தேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. சிவப்பு ஸ்டிக்கர் அச்சடித்து, வண்டியோடு வந்து குப்பை எடுக்கும் பெண்ணிடம் நானே கட்டுக்கட்டாகக் கொடுத்தேன். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ப் பெண். எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீடு எங்களுடையது ஒன்றுதான், அதனால் என்னை அண்ணா என்பாள். "யார் வீடா இருந்தாலும் ஒட்டிடும்மா, பயப்படாதே" என்றேன். தலையாட்டினாள்.

முதல் வாரம் ஏழெட்டு வாசல்களில் சிவப்பு தெரிந்தது. மூன்றாவது வாரம் ஒன்றுகூட இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து லேஅவுட்காரர்கள் எங்களிடம் கற்றுக்கொள்ள வருவதாகச் சொல்லி, கூட்டத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்கு முதல் நாள் காலை நடக்கப் போனபோது அவளைப் பார்த்தேன். பூங்கா மதிலுக்குப் பின்னால் பைகளைத் தரையில் கொட்டி, கையாலேயே பிரித்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் துணிக்கட்டு.

"ஒட்டினா உங்களையா திட்டறாங்க? என்னையத்தானுங்ண்ணா. எனக்குப் பாடம் சொல்ல நீ யாருன்னு ஒரு அம்மா பையத் தூக்கி மூஞ்சிலயே எறிஞ்சிருச்சு. அதுக்கு நானே பிரிச்சுட்டுப் போயிரலாமுங்க."

கையில் என்ன என்று கேட்டேன். கண்ணாடி கிழித்ததாம். யார் வீட்டுப் பை என்றதும் குனிந்து மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். அந்த வாரம் உடைந்த கண்ணாடி டம்ளரைச் சோற்று மிச்சத்தோடு சுருட்டிப் போட்டவன் நான்தான். சோம்பல், வேறொன்றுமில்லை.

"எங்க வீட்டுப் பையில ஏம்மா ஒட்டலை? நான் திட்டவா போறேன்?"

"நம்ம பேச்சு பேசற ஊடு. எப்படிங்ண்ணா ஒட்டறது?"

ஜப்பானில் என் பையில் ஒட்டியவரை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் அவரைத் திட்ட எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. அந்த ஊர் அவருக்குக் கொடுத்திருந்த மரியாதையை விட்டுவிட்டு ஸ்டிக்கரை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கூனிக் குறுகிப்போனேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் மறுநாள் கூட்டத்துக்குப் போனேன். சுத்தமான தெருவின் படங்களைக் காட்டியதும் கைதட்டினார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். ஜனங்கள் ஒத்துழைத்தார்கள் என்று நல்ல கன்னடத்தில் சொன்னேன்.

அடுத்த மாதம் அவர்களும் தொடங்குகிறார்கள். அங்கேயும் குப்பை எடுப்பது அவள்தான்.