பின்னலுக்குள் நின்ற எண்ணெய்

கல்லுக்குள்ளே எண்ணெய் எப்படி நகருகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசிப் பக்கம் யாரும் அதை ஒரு வேலை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. மேலகரத்தில் வயலும் தோப்புமாக இருந்த என் மாமனார், கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் "மாப்ள மெட்ராஸ்ல பெட்ரோல் படிக்காரு" என்று சொல்லிவைத்தார். நானும் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

ஆனாலும் இங்கே விளக்கித்தான் ஆக வேண்டும். பூமிக்கடியில் எண்ணெய் ஒன்றும் குளம் மாதிரித் தேங்கிக் கிடக்கவில்லை. செங்கல்லில் தண்ணீர் ஊறி நிற்பதுபோல, பாறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் ஊறி நிற்கிறது. ஒரு கிணற்றின் வழியாகத் தண்ணீரை அழுத்தி உள்ளே விட்டால், அது எண்ணெயை இன்னொரு கிணற்றுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். எவ்வளவைத் தள்ளும், எவ்வளவை விட்டுவிட்டுப் போகும் என்பதுதான் கேள்வி. பாறைக்குள் போய் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் துளைகளையும் அவற்றை இணைக்கும் சந்துகளையும் எண்களாக்கி, அட்டைகளில் ஓட்டை போட்டு, கட்டுக் கட்டாகக் கம்ப்யூட்டர் அறையில் கொடுத்துவிட்டு வருவேன். மறுநாள் அகலமான தாளில் விடை வரும். எண்ணெய் நிற்கிற துளைக்குப் பூஜ்யம், தண்ணீர் புகுந்த துளைக்கு நட்சத்திரம்.

வந்த விடைதான் என் பிராணனை வாங்கியது. தண்ணீர் எப்படியோ ஒரு வழியைப் பிடித்து மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் அந்த வழியை விட்டு நகராது. சுற்றிலும் நட்சத்திரங்கள், நடுவில் திட்டுத் திட்டாகப் பூஜ்யங்கள். பாதிக்குப் பாதி எண்ணெய் உள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றது. புரோகிராமில் எங்கேயோ தப்பு என்று முடிவு கட்டினேன். தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டினேன். பூஜ்யம் குறையவில்லை. இன்னும் கூட்டினேன். அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அட்டையில் ஓட்டை போடும் பையனிடம் சண்டை போட்டேன். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன.

அது தப்பு என்று எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றியதற்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை, நான் குற்றாலத்துக்காரன் என்பதுதான். சாரல் காலத்தில் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய அருவிக்கடியில் போய் நிற்போம். சீயக்காயைத் தொட மாட்டோம். அருவித் தண்ணீரே எண்ணெயை எடுத்துவிடும் என்பது எங்கள் ஊரில் பேச்சுக்கு இடமில்லாத விஷயம். சீயக்காய்ப் பொட்டலத்தோடு வருகிற வெளியூர்க்காரர்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவன் நான். வேகமாகத் தண்ணீர் விழுந்தால் எண்ணெய் போய்த்தானே ஆக வேண்டும்? போகவில்லை என்று ஒரு மிஷின் சொன்னால், கோளாறு மிஷினில்தான்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் அந்தத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம், "ஏன் மிச்சமாகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். எங்கள் வீட்டில் 'ஏன்' என்று கேட்டால் அது திட்டுவதற்குத்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு, "சரி பண்ணிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இதற்கு நடுவில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. நான் மெட்ராஸில் ஹாஸ்டலில், அவள் மேலகரத்தில் அப்பா வீட்டில். கணக்கு படித்து பி.எட்.டும் முடித்தவள். அந்த வருஷம் சாரலுக்கு முன்னால் சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு அவளுக்கு ஆர்டர் வந்தது. சேருவதற்கு ஒரு கெடு கொடுத்திருந்தார்கள். நான், என் அப்பா, மாமனார் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். கெடுவுக்குள் என் ஆராய்ச்சி ஒரு கரைக்கு வந்துவிட்டால் அவள் வேலையில் சேர வேண்டாம், மெட்ராஸில் வீடு பார்த்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். வராவிட்டால் அவள் சுரண்டைக்குப் போகட்டும். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று எங்கள் மூன்று பேருக்கும் பட்டது. அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். மாமனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் போய் அருவியில் குளித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். நல்ல சாரல். ரெண்டு பேரும் தலையிலிருந்து கால்வரைக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனோம். அருவி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. நான் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம். ஆசை தீர நின்றுவிட்டு வெளியே வந்து, அவளுக்காக ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். உடம்பில் பொட்டு எண்ணெய் இல்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

அவள் ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன். பார், எவ்வளவு சுத்தமாகப் போய்விட்டது. அந்தச் சனியன் பிடித்த புரோகிராம் மட்டும் போகாது போகாது என்கிறது என்று கத்தினேன். அதுவரைக்கும் அவளிடம் நான் வேலையைப் பற்றிச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். துளை, சந்து, பூஜ்யம், நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பின்னலை அவிழ்த்தாள். அருவிக் கூட்டத்தில் முடி சிக்காகிவிடும் என்று இறுக்கமாகப் பின்னிக்கொண்டு போயிருந்தாள். மேல்முடியில் எண்ணெய்ப் பசையே இல்லை. உள்ளே புரி பிரிந்த இடத்தில் விரலை விட்டு உருவி என்னிடம் காட்டினாள். விரல் எண்ணெயில் மினுங்கியது.

"தண்ணி என்னைய அடிச்சுத் தள்ளுத மாதிரி விழுந்துச்சு. இது மட்டும் அப்படியே இருக்கு பாருங்க."

நான் அவள் விரலைத் தொட்டுப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் சொல்லுதத நம்ப மாட்டேங்கிய. அப்ப எதுக்கு அதுகிட்ட போயிக் கேட்டீய?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உடம்பின் மேல் அருவி விழுகிறது, அடிக்கிறது, வழித்துக்கொண்டு போகிறது. பாறைக்குள் தண்ணீருக்கு விழுவதற்கு இடம் ஏது? முடிக்கும் முடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைவிடச் சின்னச் சந்துகள் அவை. அவ்வளவு குறுகலான இடத்தில் எண்ணெயும் தண்ணீரும் சுவரைப் பற்றிக்கொள்கிற பிடிமானம்தான் பெரிது. நான் பின்னாலிருந்து கொடுக்கிற அழுத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தப் பூஜ்யங்கள் தப்பில்லை. அவைதான் விடை. பேராசிரியர் 'ஏன்' என்று கேட்டது காரணத்தைத்தான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாளாக அதை அழிக்கப் பாடுபட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஏட்டி, நீ மகராசி என்று பத்துப் பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த நாட்களில் தாள்களைத் தரையில் பரப்பிப் புதிதாகப் படித்தேன். எந்தத் திட்டு எதனால் நின்றது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. இனி எழுதவேண்டியதுதான் பாக்கி. ஒரு நாள் சாப்பிடும்போது மாமனாரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அப்படியென்றால் சுரண்டை வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடலாம், மெட்ராஸில் வீடு பாருங்கள் என்றார். நானும் ஆமாம் மாமா, தை மாதத்துக்குள் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

அவள் எனக்குச் சோறு போட வந்தவள், கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள். "உங்க கணக்கு சரியா வந்தா நான் மெட்ராசுக்கு வரணும். தப்பா வந்தா நான் வேலைக்குப் போவணும். எனக்கு அந்த வேலை வேணுமா வேண்டாமான்னு மூணு பேர்ல ஒருத்தராவது கேட்டியளா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார். மெட்ராஸுக்கு வர மாட்டேன் என்றோ, வந்தே தீருவேன் என்றோ அவள் சொல்லவில்லை. வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வழக்கமாக வரும் கோபம் அன்றைக்கு வரவில்லை. "உனக்கு வேணுமா?" என்று கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"வேணும்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் சுரண்டை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பஸ் கிளம்பும்போது வெளியே தலையை நீட்டி, "சனி ஞாயிறு லீவு. வாறதுன்னா வாங்க" என்றாள்.

நான் மெட்ராஸுக்குத் திரும்பினேன். அங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயில். அந்தச் சனிக்கிழமையே வந்தேன்.