போத்தலில் வந்த கடல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நான் கலியாணம் முடித்துக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்கு வந்த புதிது. என் கணவர் அங்கே புடவைக் கடை வைத்திருந்தார். சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனால் ஒரு போத்தலில் கடல் தண்ணீரும் கொண்டுவருவார். எங்கள் தெருவில் பலருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. எந்தப் புண்ணையும் அதால் கழுவினால் போதும் என்பார்கள். நானோ அதுவரை கடலையே கண்டதில்லை. போத்தலைத் திறந்து மோந்து பார்ப்பேன். ஒருநாள் விரலில் தொட்டு நக்கிக்கூடப் பார்த்தேன், சீ, என்ன உப்பு!

ஒருமுறை கொழும்பில் அலைந்து திரிந்ததில், காலில் போட்டிருந்த சப்பாத்து கடித்து அவருடைய குதிகால் தோல் உரிந்துவிட்டது. அந்தக் காலோடு கடலில் இறங்கி நின்றுவிட்டு, வழக்கம்போலப் போத்தலையும் நிரப்பிக்கொண்டு ரயிலேறி வந்தார். மறுநாளே கால் வீங்கிக் கருஞ்சிவப்பாகிவிட்டது. காய்ச்சல் வேறு கொதித்தது. அப்போதும் மனிதர் விடவில்லை, அந்தத் தண்ணீரையே ஊற்றி ஊற்றிக் கழுவினார். நான் சொன்னால் கேட்டால்தானே! காலை நிலத்தில் ஊன்ற முடியாமல் போன பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். புண்ணைக் கீறிச் சீழ் எடுத்தார். காய்ச்சல் இறங்காவிட்டால் காலை முழங்காலோடு எடுக்க வேண்டிவரும் என்று என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். டாக்டர் அப்பால் போனதும் இவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "நாளைக்கி அந்தப் போத்தல கொண்டு வா புள்ள. இவங்கட மருந்து எரியிது, அவ்வளவுதான்" என்றார்.

கொண்டுபோனேன். ஆனால் அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. நேரே டாக்டரிடம் நீட்டினேன்.

"கடல் தண்ணி டாக்டர். இத ஊத்தச் சொல்றார். ஊத்தலாமா?"

அவர் திகைத்துப்போனார். "ஐயோ பிள்ளை! இவர் புண்ணோட கடலுக்க இறங்கினவரோ?"

ஆமென்றேன். அதிலிருந்த கிருமிதான் புண்ணுக்குள் புகுந்திருக்க வேண்டும் என்றார். நண்டு, மட்டியைச் சரியாக வேகவைக்காமல் தின்றாலும் அப்படிப்பட்ட கிருமிகள் வயிற்றுக்குள் போகுமாம். எனக்கு நம்பவே முடியவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "கெட்டுப் போகாம ஈக்கத்தானே கருவாட்டுக்கு உப்புப் போடுற? உப்புத் தண்ணியில கிருமி எப்பிடி உசிரோட ஈக்கும்?"

டாக்டர் சிரித்தார். "மீன் அதுக்குள்ளதானே பிள்ளை உயிரோட இருக்குது?"

அட, ஆமாம்! எவ்வளவு சின்ன விஷயம், எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! கட்டிலில் கிடந்த என் கணவர் பார்த்துக்கொண்டிருக்கவே போத்தலைக் கழிவுநீர் ஓடும் பீலியில் கவிழ்த்துவிட்டேன். அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், கால் இருந்தால் போதும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அல்லாவின் கிருபையால் மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

இப்போதும் காலையில் கடை திறக்க அவர் படியிறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், எல்லோரும் மருந்தென்று சொன்னதைப் பற்றி அன்று நான் வாய்திறந்து ஒரு கேள்வி கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துக்கொள்கிறேன்.