அழகுத்தாய் ஒளித்து வைத்த போர்வை

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அழகுத்தாய்க்கு ஒரே ஒரு விஷயத்தில் யாரும் புத்தி சொல்ல முடியாது. விருந்தாளி வருகிறார் என்றால், இரவல் வாங்கியாவது வீட்டை நிறைத்துக் காட்டிவிடுவாள். கொழுந்து பறித்து, ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்தவள். அந்த வீறாப்பு இல்லாவிட்டால் அது முடிந்திருக்காது என்று நான் நினைப்பதுண்டு.

மகள் இந்து கொச்சியில் ஒரு பத்திரிகையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். மண்ணைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று வழவழப்பான தாளில் சொல்லிக் கொடுக்கும் பத்திரிகை. பயிற்சி முடியும் தறுவாயில், எதையும் வீணாக்காத ஒரு வீட்டைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அது அச்சில் வந்தால் வேலை நிரந்தரம். இந்து அம்மாவின் வீட்டையே எழுதினாள். உரச்சாக்கைக் கழுவித் தைத்த திரை, பெயிண்ட் வாளியில் தழைக்கும் புதினா, எல்லாவற்றுக்கும் மேலாக, கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை. ஆசிரியர் பத்மப்ரியாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. போட்டோ எடுக்கும்போது நானும் வருகிறேன் என்றார்.

இந்து போனில், "நம்ம வீட்டப் போட்டோ எடுக்க வாராங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அங்கேதான் வந்தது வினை.

"சோலண்ணே, உங்க வீட்டுச் சேரு எல்லாம் வேணும்" என்று காலையிலேயே வந்து நின்றாள் அழகுத்தாய். என் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போயின. யார் வீட்டிலிருந்தோ பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து வந்தது. கடையிலிருந்து கலர் பாட்டிலும், குடித்துவிட்டுத் தூக்கியெறியும் கப்புகளும் வந்தன. புதினா வாளி, திரை, போர்வை எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் அடைக்கலம் புகுந்தன. எதற்கு என்று கேட்டதற்கு, "அந்தக் கிழிசல எவனாவது போட்டோ எடுப்பானாண்ணே?" என்று திருப்பிக் கேட்டாள்.

பத்மப்ரியாவோடும் போட்டோ எடுப்பவரோடும் வண்டியில் வந்திறங்கிய இந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்மப்ரியா கல்பாத்திக்காரர், வீட்டில் தமிழ்தான். எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீ எழுதினது ஒண்ணும் இங்கே காணோமேம்மா. எங்கே அதெல்லாம்?"

இந்து பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டைக் கண்ணால் காட்டினேன். எடுத்து வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை கையில். உள்ளே அழகுத்தாய் புதுச்சேலையில், முகத்தில் பவுடரோடு, கப்புகளில் கலர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"அம்மா ஒதுக்கி வச்சிட்டாங்க மேடம்" என்றாள் இந்து. "அவங்க மறைக்க நெனச்சத நான் எடுத்துக் காட்ட மாட்டேன்."

"அப்போ இந்தப் பக்கத்தைப் போட முடியாது. உனக்கும் இன்னும் கொஞ்ச நாள் பயிற்சிதான்."

"சரி மேடம். அம்மாவ மட்டும் ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க."

அழகுத்தாயை என் நாற்காலிகளுக்கு நடுவே நிற்க வைத்து எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னதும் விறைத்துக்கொண்டாள். பத்மப்ரியா தன் கப்பில் ஊற்றியதை மிச்சம் வைக்காமல் குடித்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இந்துவை அம்மாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வரச் சொல்லி அவர்கள் கிளம்பினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நடந்ததை அழகுத்தாயிடம் போட்டு உடைத்தேன். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி? அதப் பாத்தா உன்னைய எளக்காரமா நெனப்பாங்கன்னுதான்டி..." அழுதுவிட்டாள்.

"தெரியும்மா" என்றாள் இந்து. நேரே என் வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து போர்வையை இழுத்து வந்தாள். "இது எனக்கு வேணும். ஹாஸ்டலுக்குக் கொண்டு போறேன்."

"அங்க நாலு பேரு பாப்பாங்களே புள்ள."

"பாக்கட்டும். எங்கம்மா தச்சதுன்னு சொல்லுவேன்."

அன்று சாயங்காலம் அழகுத்தாய் போர்வையை மடியில் விரித்து, வெளியே வாசற்படியில் உட்கார்ந்து, தையல் விட்டுப்போன ஓரங்களைத் தைத்தாள். வேலை முடிந்து அந்த வழியாகப் போனவர்கள் எல்லாம் என்ன தைக்கிறாய் என்று கேட்டார்கள்.

"எம் மக கேட்டா, கொச்சிக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சத்தமாகச் சொன்னாள்.