கல்லா, பழமா

என் அம்மா பூவாயியைக் கொன்றவள் மருதாயி என்றுதான் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பேச்சு. கொன்றவள் என்று சொல்லப்பட்டவளே என்னை வளர்த்தாள். எனக்கு அவள்மீது கோபம் வராததைப் பார்த்துப் பலருக்கு வயிறு எரிந்தது. எரியட்டும்.

இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டம். மருதாயிக்கு ஸ்டோரில், ரப்பர் பாலைத் தகடாக்கும் ஆலையில் வேலை. மரத்திலிருந்து வரும் பாலில் எசிட் எனும் அமிலத்தை ஊற்றி, கட்டியானதும் கையால் அமுக்கிப் பார்த்து மிஷினுக்கு அனுப்ப வேண்டும். லயத்தில் பிரசவம் பார்ப்பவளும் அவள்தான்.

1915இல் நான் பிறந்த மூன்றாம் வாரம் அம்மாவுக்குக் காம்பில் வெடிப்பு விழுந்தது. இடது மார்பு சிவந்து வீங்கி, குளிர்காய்ச்சல் கண்டது. தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் கன்னையா வந்தார். ஆம்பளை முன்னால் மாராப்பை விலக்குவது எங்கள் வழக்கமில்லை. எங்கள் காம்பரா அறையின் வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவுக்கு வெளியே அவர் நின்றார். உள்ளே மருதாயி தொட்டுச் சொல்ல வேண்டும்.

"தோல்ல இருக்குற கிருமி வெடிப்பு வழியா உள்ள போயிருச்சு. கல்லா இருந்தா சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து, பாலை எடுத்துக்கிட்டே இருக்கணும். பழமா இருந்தா உள்ள சீழ். இன்னைக்கே கீறணும். அமுக்கிப் பாரு மருதாயி. கல்லா, பழமா?"

மருதாயி நன்றாகவே அமுக்கிப் பார்த்தாள். "கல்லுங்கய்யா."

"ஹரி," என்று சிங்களத்தில் 'சரி' சொல்லிவிட்டுக் கத்தியைப் பெட்டிக்குள் வைத்தார். மூன்று நாள் ஒத்தடம் நடந்தது. நான்காம் நாள் மார்பு தானாக உடைந்து பாயெல்லாம் சீழ். அதற்குள் நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆறாம் நாள் அம்மா இறந்தாள்.

கன்னையா மருதாயியின் கையைத் திருப்பிப் பார்த்தார். ஆறு வருஷ எசிட்டில் விரல் நுனியெல்லாம் காய்த்து மரத்துப் போயிருந்தது. அந்த விரலுக்குக் கனிந்த பப்பாளியும் கல்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"எனக்கே தெரியாதுங்கய்யா."

அதன்பிறகு அவள் பிரசவம் பார்க்கவில்லை. என்னை ஒருநாளும் விரலால் தொட்டதுமில்லை. முழங்கையில் ஏந்துவாள், புறங்கையால் முகம் துடைப்பாள். ஸ்டோரில் பாலை அமுக்கும்போதெல்லாம் "கல்லா, பழமா" என்று முணுமுணுப்பாள். வீட்டில், சோறு போட்டுக்கொண்டே திடீரென்று வாசல் படுதாவைப் பார்த்து, "இரு பூவாயி, பாத்துச் சொல்றேன்," என்பாள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அந்தச் சாக்கு காற்றில் உப்பினால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான்.

1934இல் எனக்கு மகன் பிறந்தான். இரண்டாவது வாரம் காம்பு வெடித்தது. அதே இடது மார்பு, அதே குளிர். லயத்துப் பெண்கள் என்னைப் பார்க்காமல் மருதாயியைப் பார்த்தார்கள். நரைத்துப்போன கன்னையா அதே படுதாவுக்கு வெளியே நின்று அதே கேள்வியைக் கேட்டார்.

மருதாயி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேற யாரையாச்சும் கூப்புடுங்கய்யா."

"இங்க எல்லாக் கையும் ரப்பர் கைதானே. யாரைக் கூப்புடுறது?"

எனக்குப் பல் கிட்டியது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். "நீங்களே பாருங்க, சின்னம்மா," என்றேன்.

அவள் மண்டியிட்டாள். கைகளை முன்னால் கொண்டுவரவேயில்லை. குனிந்து, மூடிய உதடுகளை என் மார்பில் வைத்து மெல்ல அழுத்தினாள். எசிட் படாத இடம் அவளுக்கு அதுதான் மிச்சம். வலியில் நான் அலறினேன். அவள் உதட்டை எடுக்கவில்லை, இடம் மாற்றி மாற்றி அழுத்தினாள்.

"பழம்," என்றாள். "உள்ள தளும்புது. கீறுங்கய்யா."

கன்னையா தயங்கினார். நானே எட்டிச் சாக்கை விலக்கினேன். வெட்கப்படுவதற்கெல்லாம் அப்போது எனக்குத் தெம்பில்லை. அவர் உள்ளே வந்து கீறினார். ஒரு சிரட்டை நிறையச் சீழ் வந்தது. கார்போலிக் தண்ணீரில் கழுவித் துணித்திரி வைத்துக் கட்டினார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது.

அன்று பெண்கள் மருதாயியைப் புகழ்ந்து தீர்த்தார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூவாயி, பழந்தான். இப்ப சரியா சொல்லிட்டேன்ல. எந்திரிச்சுப் போயேன்."

அவள் சாகும்வரை அம்மா போகவில்லை.